நட்ட ரோஜாவின் தண்டு ஏன் கருகுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை தோட்டப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதிதாக நட்ட ரோஜாவின் தண்டு கருகுவதைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஆறு ரோஜாச் செடிகளை மூன்று வாரங்களுக்கு முன் தரையில் நட்டேன். நான்கு நன்றாகத் துளிர்த்துவிட்டன. மற்ற இரண்டில் கிளை நுனி முதலில் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகி, இப்போது கருமை கீழ்நோக்கி இறங்குகிறது. பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. வேறு எந்த மருந்தைத் தெளிக்கலாம்?

பதில்: அடுத்த மருந்தைத் தேடுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நட்ட சில வாரங்களுக்குள் வரும் நுனிக்கருகல் பெரும்பாலும் வேரில் தொடங்கி நுனியில் தெரிகிற கோளாறு. செடி நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களால் அன்று; அவற்றின் முனைகளில் உள்ள நூல் போன்ற இளவேர்களாலும் அவற்றின் மேலுள்ள வேர்த்தூவிகளாலும்தான். செடியைப் பையிலிருந்து பிரிக்கும்போதும், மண்கட்டி உடையும்போதும், வேர் சிறிது நேரம் காற்றில் உலரும்போதும் முதலில் அழிவன இவையே. வேரின் உறிஞ்சும் திறன் குறைந்துபோன பிறகும் மேலே உள்ள கிளைகளும் இலைகளும் பழைய அளவிலேயே நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டிருப்பதால், தட்டுப்பாடு வேரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நுனியில் முதலில் தெரிகிறது. அந்த நுனி உலர்ந்து இறக்கிறது.

பூஞ்சை உள்ளே வருவது அதற்குப் பிறகுதான். போட்ரியோஸ்பேரியா, டிப்ளோடியா, கோனியோதிரியம் முதலிய பூஞ்சைகள் காய்ந்த சுள்ளிகளிலும் பழைய வெட்டுக்குச்சிகளிலும் தங்கியிருந்து, மழைத்துளியும் பாசன நீரும் தெறிக்கும்போது வித்துகளாகப் பரவி, வெட்டுக்காயம், முள் கீறிய இடம், இறந்த நுனி ஆகியவற்றின் வழியாகத் தண்டுக்குள் நுழைகின்றன. திடமான செடியில் இவற்றால் அதிகம் முன்னேற முடிவதில்லை. நீர்த்தட்டுப்பாட்டில் தளர்ந்த செடியிலோ இறந்த பகுதியில் காலூன்றி உயிருள்ள பகுதிக்குள் இறங்கத் தொடங்குகின்றன. நீங்கள் தெளித்த மருந்து பட்டையின் மேற்புறத்தில் படிந்து நிற்கும் வகையாக இருந்தால், தண்டின் நடுவே உள்ள மென்பகுதியான நெட்டி வரை இறங்கிவிட்ட பூஞ்சையை அது எட்டாது. எந்த வகையாக இருந்தாலும் இழந்த வேரைத் திருப்பித் தராது. அதனால்தான் இரண்டு முறை தெளித்தும் பயன் தெரியவில்லை.

உங்கள் கடிதத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஆறு செடிகளும் ஒரே காற்றில், ஒரே மழையில் நிற்கின்றன, நான்கு தப்பியிருக்கின்றன. நோய் மட்டுமே காரணம் என்றால் இந்தப் பிரிவினைக்கு விளக்கம் கிடைப்பது கடினம். அந்த இரண்டு செடிகளின் மண்கட்டி நடும்போது உடைந்ததா, அவை நிற்கும் இடம் மற்றவற்றைவிடத் தாழ்வானதா, குழியில் உரம் அதிகம் விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கருகல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிப்பது மருந்தின் பெயரை அறிவதைவிடப் பயனுள்ளது. நுனியிலிருந்து கீழே இறங்கினால் நீர்த்தட்டுப்பாட்டையோ தவறான கவாத்தையோ (கிளை வெட்டிய முறையையோ) சந்தேகிக்க வேண்டும். தண்டின் நடுவில் செந்நிறமாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி தோன்றி, அது பெரிதாகி, மையம் வெளிர்பழுப்பாகி வெடித்து, அதன்மேல் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தால் அது தண்டுப்புண். அந்தப் புண் தண்டைச் சுற்றி வளைத்தவுடன் அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் சட்டென்று வாடிவிடும். கீழ்ப்பகுதி பசுமையாகவே இருக்கும். மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கிக் கருத்தால் நீர் தேங்குவதோ, தண்டைச் சுற்றி எருவும் மண்ணை மூடப் பரப்பும் மூடாக்கும் குவிந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். இலைகளை இழந்த தண்டில் கடும் வெயில் படும் பக்கம் மட்டும் பழுப்பானால் அது வெயில் சுட்ட தழும்பு. அதுவும் பின்னர் பூஞ்சைக்கு வாயிலாகிவிடும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். கருத்த பகுதிக்குக் கீழே நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இறந்துவிட்டது. இறந்த பகுதி முழுவதையும் வெட்டி நீக்கிவிட்டு வேரைக் கவனிக்கத் தொடங்குங்கள். மருந்துக்கு இடம் மூன்றாவதாகத்தான்.

கேள்வி: கருகிய பகுதியை வெட்டினால் சில நாட்களில் வெட்டிய இடத்திலிருந்து மறுபடியும் கருகுகிறது. எவ்வளவு கீழே வெட்ட வேண்டும்?

பதில்: வெளியே தெரியும் கருமை முடியும் இடத்தில் நீங்கள் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே நிலைமை வேறாக இருக்கும். பட்டை பச்சையாக இருக்கும்போதே நெட்டி பழுப்பாகியிருப்பது இந்த நோயில் வழக்கம். ஆகவே அளவைத் தீர்மானிக்க வேண்டியது வெட்டுமுகம். ஒவ்வொரு முறையும் 1 அல்லது 2 செ.மீ. கீழே நகர்ந்து வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே நெட்டி வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ, அதைச் சுற்றியுள்ள கட்டை வளையம் எங்கும் கறையின்றியும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்புக் கோடு இருந்தாலும் இன்னும் கீழே போக வேண்டும். சுத்தமான முகம் கிடைத்த பிறகு, அதற்குக் கீழே வெளிநோக்கி நிற்கும் முதல் மொட்டுக்கண்ணைத் தேர்ந்து, அதற்கு 5 அல்லது 6 மி.மீ. மேலே, கண்ணுக்கு எதிர்ப்புறம் சரியும்படி இறுதி வெட்டைப் போடுங்கள்.

மொட்டுக்கண்ணை ஒட்டி வெட்டினால் கண்ணே உலர்ந்துவிடும். மிக மேலே வெட்டினால் இடையில் நிற்கும் குச்சிக்கு உணவு இழுக்க இலையோ துளிரோ இல்லாததால் அது இறந்து, பூஞ்சைக்கு இருப்பிடமாகும். நோயில்லாத செடியில் நாமே நோயை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த நீண்ட குச்சிகளால்தான்.

கருவியும் முக்கியம். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகைக் கத்தரியே ரோஜாவின் பச்சைத்தண்டுக்கு ஏற்றது. ஓர் அலகு தட்டையான மேடையில் அழுந்தும் வகைக் கத்தரி தண்டை நசுக்குகிறது. நசுங்கிய திசு இறந்து கருகல் மறுபடி தொடங்குகிறது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகும்போதும், நோயுற்ற பகுதியை வெட்டிய பிறகு இறுதி வெட்டைப் போடும் முன்பும், அலகை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். மழை பெய்யாத, இலைகள் உலர்ந்திருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். வெட்டியவற்றைச் செடியின் அடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுவதைப் பலரிடம் பார்க்கிறேன். அது வித்துகளை வாசலிலேயே சேமித்து வைப்பதற்குச் சமம். அவற்றை உரக்குழியிலும் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

முனையில் ஒரு பூமொட்டு இருக்கிறது என்பதற்காக வெட்டாமல் விட்ட கிளைகளைப் பற்றியும் இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். நடப்பட்ட முதல் மாதங்களில் அந்தப் பூ செடிக்குச் சுமை. கருகும் கிளையில் உள்ள பூமொட்டைக் காப்பாற்ற முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: வெட்டிய இடத்திற்கும் அடுத்த மொட்டுக்கண்ணுக்கும் இடையே உள்ள சிறு துண்டு மட்டும் கருத்து, கண்ணுக்கு நேரே நின்றுவிட்டது. கண்ணிலிருந்து துளிரும் வந்திருக்கிறது. இதுவும் நோயா?

பதில்: இல்லை. அந்தத் துண்டுக்கு வேலை முடிந்துவிட்டதால் செடி அதைக் கைவிட்டிருக்கிறது. கருமைக்கும் பச்சைக்கும் இடையே கோடு தெளிவாக இருக்கிறவரை கவலை வேண்டாம். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிக் கீழே இறங்கினால் மட்டும் கத்தரியை எடுங்கள்.

கேள்வி: வெட்டிக்கொண்டே போனதில் ஒட்டுக்கு மேலே ஒரு விரல் அளவுதான் மிச்சம். இந்நிலையில் அடியிலிருந்து ஒரு தளிர் வேகமாக எழுகிறது. செடி பிழைத்துவிட்டதா?

பதில்: தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒட்டுச்செடியில் நீங்கள் விரும்பி வாங்கிய வகை மேலே இருக்கிறது. கீழே வேர் கொடுப்பது வேறொரு முரட்டு வகை. இரண்டும் சேரும் இடம் அடித்தண்டில் ஒரு புடைப்பாகத் தெரியும். மண்ணை விரலால் மெதுவாக விலக்கி, தளிரின் அடியைத் தொடர்ந்து செல்லுங்கள். புடைப்பிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ வந்தால் மகிழுங்கள். அது உங்கள் ரோஜாவேதான், இரண்டு பருவங்களில் முழுச்செடியாகிவிடும். புடைப்புக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால் அது வேர்ச்செடியின் தளிர். விட்டுவைத்தால் மேலே போராடும் பகுதிக்குப் போக வேண்டிய நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். அதைக் கத்தரியால் நறுக்கினால் அடியில் உள்ள கண்கள் மீண்டும் கிளைக்கும் என்பதால், புறப்படும் இடத்திலிருந்தே கிழித்து எடுத்துவிடுங்கள்.

ஏழு சிற்றிலைகள் இருந்தால் வேர்ச்செடி, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்ற கணக்கைப் பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஏழு சிற்றிலைகள் கொண்ட நல்ல வகைகள் நிறைய உண்டு.

ஒட்டுக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் புடைப்பைச் சுரண்டினால் பச்சை தெரிகிறது என்றால் சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள். உறங்கும் கண்கள் அங்கே இருக்கக்கூடும். புடைப்பே பழுப்பாகிவிட்டால் அந்தச் செடியைக் காத்து வைப்பதில் பயனில்லை. பதியன் மூலம் சொந்த வேரில் வளர்க்கப்பட்ட செடிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. மண்ணுக்கு மேலே எல்லாம் கருகினாலும் கீழிருந்து வருவது அதே வகைதான்.

கேள்வி: வெட்டிய தண்டின் நடுவில் ஊசி நுழைந்தது போல வட்டத் துளை இருக்கிறது. கருகலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறிய அளவில்தான். வெட்டுமுகத்தின் மென்மையான நெட்டியைக் குடைந்து கூடு கட்டும் சிறு தேனீக்களும் குளவிகளும் இருக்கின்றன. இவை செடியைத் தின்பதில்லை. துளை முடியும் இடம் வரை வெட்டிவிட்டால் போதும். துளையைச் சுற்றி மரத்தூள் போன்ற கழிவு தெரிந்து, வெட்டினால் உள்ளே புழுவும் இருந்தால் அது தண்டுதுளைப்பான்; அங்கும் புழுவைத் தாண்டி வெட்டுவதே சிகிச்சை. தெளிக்கும் மருந்து நெட்டிக்குள் இருக்கும் புழுவைச் சேராது.

கேள்வி: தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் செடி வாடி, இலை மஞ்சளாகி, தண்டு கருகுகிறது. தோண்டி எடுத்து வேரைப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நட்டுச் சில வாரங்களே ஆன செடியைக் கவனமாக எடுத்துத் திரும்ப நடுவதால் ஏற்படும் இழப்பு, காரணம் தெரியாமல் காத்திருப்பதால் ஏற்படும் இழப்பைவிடக் குறைவு.

முதலில் ஒரு குச்சியையோ விரலையோ செடியின் அருகே 5 முதல் 7 செ.மீ. ஆழம் செருகிப் பாருங்கள். இரண்டு நேர்மாறான நிலைகள் இருக்கலாம். தென்னை நார்க்கழிவில் வளர்க்கப்பட்ட செடியின் வேர்க்கட்டி ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் சுருங்கி, பிறகு நீரை எளிதில் ஏற்பதில்லை. நீங்கள் விடும் தண்ணீர் கட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிவிட, நடுவே வேர் உலர்ந்தே கிடக்கும். இதற்குக் கட்டியை வாளி நீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வைத்து மறுபடி நடுவதே வழி. மற்றொன்று நீர் தேங்கும் நிலை. மண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்தால் வேருக்கு உயிர்வளி கிடைக்காது, வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆக, ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. அந்த வாட்டத்தைப் பார்த்து உரியவர் இன்னும் தண்ணீர் விடுகிறார். உங்கள் கடிதத்தில் உள்ள மஞ்சள் இலையும் இரண்டு வேளைப் பாசனமும் எனக்கு இந்த இரண்டாவது நிலையையே காட்டுகின்றன.

எடுத்துப் பார்க்கும்போது வேர் வெளிர்நிறமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் நல்லது. கருத்து, விரலால் இழுத்தால் தோல் உறை போல உருவி வந்து, நாற்றமும் இருந்தால் அழுகல். அழுகியதை நல்ல பகுதி வரை நறுக்கி, மேலே உள்ள கிளைகளையும் அதற்கேற்பக் குறைத்து, வடிகால் உள்ள இடத்தில் மாற்றி நடுங்கள். இடத்தைச் சோதிக்க 30 செ.மீ. ஆழக் குழியில் நீரை நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2.5 செ.மீ. அளவாவது இறங்க வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் 20 முதல் 30 செ.மீ. உயரமான மேட்டுப்பாத்தி அமைக்காமல் அங்கே ரோஜா நிற்காது.

வேரைச் சுற்றி நாற்றுப்பையின் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி அது இருக்கிறது. திரும்ப நடும்போது ஒட்டுப் புடைப்பு, வெப்பமான இடங்களில் மண்மட்டத்திற்குச் சற்று மேலேயும், குளிர்காலத்தில் மண் உறையும் இடங்களில் மண்ணுக்குச் சில செ.மீ. கீழேயும் இருக்கட்டும். மண்ணைக் காலால் மிதித்து இறுக்காமல், நிறைய நீர் ஊற்றி அமர விடுங்கள். 7 முதல் 10 நாட்கள் நிழல்வலை போடுங்கள். மூடாக்கு 5 செ.மீ. தடிமன் போதும்; அது தண்டைத் தொடக் கூடாது. பூமொட்டுகளை எடுத்துவிடுங்கள், இலைகளை உருவ வேண்டாம், புதிய வேருக்கு உணவு அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: செடி தளர்ந்திருக்கிறதே என்று நட்ட மறுவாரமே இரசாயன உரம் வைத்தேன். கருகல் அதிகமானது போலத் தோன்றுகிறது.

பதில்: தோற்றம் மட்டுமன்று, உண்மையாகவே அதிகமாகியிருக்கும். உரம் உப்பு; மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உள்ளிழுப்பது கடினமாகிறது. மக்காத எருவும் இதே கேட்டைச் செய்யும். வடிகால் நன்றாக இருந்தால் தாராளமாக நீர் ஊற்றி உப்பைக் கரைத்து இறக்குங்கள். புதுத்துளிர்கள் நீண்டு இலைகள் முற்றும் வரை, அதாவது நட்டு 4 முதல் 6 வாரம் வரை, மக்கிய தொழுவுரத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பிறகும் தழைச்சத்தை (நைட்ரஜன்) அளவோடு கொடுங்கள். மிகுந்தால் தண்டு மென்மையாக வளர்ந்து நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

கேள்வி: அப்படியானால் பூஞ்சைக்கொல்லியே தேவையில்லையா? வெட்டுக்காயத்தில் எதைப் பூசுவது?

பதில்: தேவைப்படும் நேரம் உண்டு. இறந்ததை வெட்டி நீக்கி, வேரையும் சரிசெய்த பிறகு, தொடர்மழைக் காலமாக இருந்தாலோ அருகில் மற்றச் செடிகளிலும் தண்டுப்புண் தெரிந்தாலோ, புதிய வெட்டுகளைக் காக்கும் கவசமாகத் தாமிர மருந்து உதவும். 50 சதவீத நனையும் தூளாகக் கிடைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்றால் பொதுவான அளவு லிட்டருக்கு 2.5 கிராம், உங்கள் பொட்டலத்தில் வேறு அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காலையில் தெளியுங்கள். குளிர்ந்த, இலை நெடுநேரம் ஈரமாக இருக்கும் நாட்களில் தாமிரம் ரோஜா இலையில் ஊதாப் புள்ளிகளை உண்டாக்கி இலையை உதிர்க்கக்கூடும் என்பதால், அந்நாட்களில் வெட்டுமுகத்தில் மட்டும் தூரிகையால் தடவுவது மேல்.

தடவுவதற்குப் போர்டோ பசை ஏற்றது. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரங்களில் கரைத்து, பிறகு இரண்டையும் கலக்கிக்கொண்டே சேருங்கள். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே பயன்படுத்திவிடுங்கள். பென்சில் தடிமனுக்கு மேற்பட்ட வெட்டுகளுக்கே இந்தச் சிரமம் தகும்.

பெயிண்ட், தார், மெழுகு ஆகியவற்றைப் பூசச் சொல்பவர்கள் உண்டு. மரங்களின் காயங்களை ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று 1970களில் காட்டினார். பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவருடைய முடிவு. ரோஜாவுக்கும் எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. தடித்த பூச்சு அடியில் ஈரத்தைச் சிறைப்படுத்துகிறது.

டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய எருவுடன் வேர்ப்பகுதியில் இடுபவர்கள், அதே வாரத்தில் தாமிர மருந்தை மண்ணில் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் இட்டதை நாமே கொன்றதாகும்.

கேள்வி: ஒரு செடி முழுவதும் கருகிவிட்டது. அதே குழியில் உடனே வேறு ரோஜா நடலாமா?

பதில்: இடம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முன்பு பல ஆண்டுகள் ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா சரியாக வேரூன்றாமல் நலிவது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. உங்களுடையது சில வாரங்களே நின்ற செடி என்றால் அந்த அச்சம் குறைவு. ஆனால் அது எதனால் இறந்தது என்று தெரியாமல் அதே குழியை நிரப்பக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் பழைய வேர்த்துண்டுகளை முற்றிலும் பொறுக்கி எடுத்து, 45 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள மண்ணை அகற்றி, ரோஜா வளராத பகுதியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புங்கள்.

புதுச்செடியை வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக்கு மேலே விடப்பட்ட பழைய குச்சி கருத்து, அந்தக் கருமை புடைப்புக்குள் இறங்கியிருந்தால் அந்தச் செடி வேண்டாம். பையின் அடித்துளையில் சில வெளிர்நிற வேர்நுனிகள் தெரிவது நல்லது. செடியைப் பிடித்து இலேசாகத் தூக்கினால் மண்கட்டி கலகலத்தால், அது அண்மையில்தான் பைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதை வாங்கினால் அதே பையிலேயே ஒரு மாதம் நிழலில் வைத்து, வேர் கட்டியைப் பிடித்த பிறகு நடுங்கள்.